கிளிக் கூண்டில் ஒரு பந்தல் கம்பி

கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்டம் ஒன்றினுள் நுழைந்து மேலே பாருங்கள். கல்தூண்களின் மீது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துக் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் சளைக்காமல் பல ஆண்டுகள் துருவின்றி நிற்கும் கம்பி அது. மிஞ்சிய துண்டுகள் வீட்டில் பல வேலைகளுக்கு உதவுகின்றன. கிளிக்கு ஊஞ்சல் கட்ட நினைக்கும் மாணவனுக்கும் முதலில் கைக்கு வருவது அதுதான். ஆனால் அது துருப்பிடிக்காததற்கு எது காரணமோ, அதுவே கிளிக்கு ஆபத்தும் ஆகும்.

கிளி என்றால் இங்கே பச்சைக்கிளி அன்று. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் நம் ஊரில் விற்கப்படும் பட்ஜெரிகர், தலையில் கொண்டையுள்ள காக்கட்டீல் ஆகிய ஆஸ்திரேலியக் கிளிகளைப் பற்றியே பேசுகிறோம்.

பந்தல் கம்பி உள்ளே இரும்பு. மேலே துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் வினைபுரியும் உலோகம். ஆகவே தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. கிளியோ தன் அலகை மூன்றாவது கால் போலப் பயன்படுத்தும் பறவை. எதையும் கவ்வும், சுரண்டும், கடித்துப் பார்க்கும். சுரண்டிய பூச்சுத் துகள் அதன் இரைப்பைக்குள் போனால் என்ன ஆகும்? உங்கள் வேதியியல் ஆசிரியர் சோதனைக் குழாயில் செய்து காட்டியதுதான்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ஹைட்ரஜன் வெளிப்படும். கிளியின் இரைப்பையிலும் அதே அமிலம் உண்டு. போதாதற்கு அரைவைப்பை வேறு துகளை அரைத்துக் கொடுக்கிறது. கரைந்த துத்தநாகம் இரத்தத்தில் கலந்து கணையத்தைக் கெடுக்கும். கிளி மிகுதியாக நீர் குடிக்கும், சோர்ந்து உட்காரும், உயிரும் போகலாம். புதுக் கூண்டில் விட்ட பறவைகளிடம் பெரும்பாலும் காணப்பட்டதால், பறவை மருத்துவர்கள் இதற்குப் 'புதுக்கம்பி நோய்' என்றே பெயரிட்டுள்ளனர்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் எலுமிச்சைச் சாறு எடுத்து, ஒன்றில் புதிய பந்தல் கம்பித் துண்டையும், மற்றதில் எவர்சில்வர் கரண்டியையும் ஓர் இரவு வையுங்கள். கம்பியில் சிறு குமிழிகள் தோன்றும். காலையில் அதன் பளபளப்பு மங்கியிருக்கும். எவர்சில்வரில் உள்ள குரோமியம் மெல்லிய ஆக்சைடு படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்வதால், கரண்டி அப்படியே இருக்கும். சாற்றைக் கீழே கொட்டிவிடுங்கள். 'காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே' என்று கேட்பீர்கள். பந்தல் கம்பியைக் காந்தம் இழுக்கும், ஈயத்தை இழுக்காது, இரண்டுமே நஞ்சுதான். காந்தம் இங்கே நல்ல சாட்சி அன்று. கொக்கி, சங்கிலி, வளையம் எல்லாம் எவர்சில்வராகவே இருக்கட்டும். கூண்டின் வலையே துத்தநாகம் பூசியதாக இருந்தால், வினிகர் தொட்ட தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். இதனால் உதிரும் துகள் குறையும். ஆபத்து அறவே நீங்கிவிடாது.

இனி, உட்காரும் கொம்பு. பட்ஜெரிகரின் எடை சுமார் 35 கிராம். அதாவது ஏறத்தாழ 0.35 நியூட்டன் விசை. இரு பாதங்களும் கொம்பைத் தொடும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் 3,500 பாஸ்கல். 50 கிலோ எடையுள்ள நீங்கள் நிற்கும்போது, பாதங்களின் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், உங்கள் உள்ளங்காலில் 16,000 பாஸ்கலுக்கு மேல்! அப்படியிருக்க, கிளியின் பாதம் ஏன் புண்ணாகிறது? நீங்கள் உட்காருவீர்கள், படுப்பீர்கள். கிளி தூங்குவதும் கொம்பின் மேல்தான். கடையில் கிடைக்கும் ஒரே பருமனான வழுவழுப்பான உருளைக் கொம்பில் இரவும் பகலும் பாதத்தின் அதே புள்ளிகளே எடையைத் தாங்குகின்றன. அந்த இடத்தில் தோல் தடித்து, வெடித்து, சீழ் பிடிக்கிறது. பருமன் மாறி மாறி வரும் இயற்கைக் கிளையில் ஓரடி நகர்ந்தாலே தாங்கும் புள்ளிகள் மாறிவிடும். விரல்கள் கொம்பை முக்கால் சுற்று வளைத்துப் பிடிக்க வேண்டும். பட்ஜெரிகருக்கு ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றரை வரை பருமன் போதும். பிளாஸ்டிக் குழாயில் உராய்வு போதாமல் கால் வழுக்கும். உப்புத்தாள் சுற்றினால் உராய்வு மிகுந்து தோல் தேயும். பட்டையுடன் கூடிய கொய்யாக் கிளைதான் என் தேர்வு. கடினமானது, எளிதில் இற்றுப்போகாது. வேம்பும் நல்லது. அரளி, எருக்கு, காட்டாமணக்கு ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். திராட்சைக் கொடியின் முறுக்கு பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தோட்டத்துக் கொடியில் மருந்து தெளித்திருப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பட்டையின் இடுக்குகளில் தங்கியிருக்கும். கழுவினாலும் முழுதும் போகாது.

பழைய கதவு, சன்னல் சட்டங்களை அறுத்துப் பொம்மை செய்வதும் கூடாது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் சொல்ல முடியாது.

பொம்மை என்பது கிளி உடைப்பதற்கே. கொட்டாங்கச்சி, சாயமேற்றாத பனையோலைக் கிலுகிலுப்பை, தென்னை ஓலையின் ஈர்க்கு, இவை போதும். உடைந்தால் மறுநாள் புதிது. நைலான் கயிற்றால் கட்டாதீர்கள். அதன் இழை அறுபடாமல் விரலைச் சுற்றி இறுகிவிடும். பரப்பு மிகச் சிறியதாகையால் அழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டமே நிற்கும். தென்னங்கயிற்றால் கட்டலாம். அதையும் குட்டையாக முடிந்து, பிசிர் நீண்டதும் வெட்டிவிடுங்கள். கொட்டாங்கச்சியில் துளை போட்டபின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்த பிறகே தொங்கவிடுங்கள்.