குளிர்பதனக் கிடங்கில் உருளைப் பாதை

1965-இல் தோன்றிய கொதிகலன் தொழிற்சாலையைச் சார்ந்த திருச்சி கைலாசபுரத்தில் உருளைகளும் பேரிங்குகளும் புதியனவல்ல. காவிரிக் கரை வாழை விவசாயிகளும் இவற்றை அறிந்திருத்தல் நன்று. குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகள் நகர்வது உருளைப் பாதையின் மீதே.

வாழைக்காயை ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும். பழுக்கும் தன்மையும் கெடும். இவ்வளவு குளிரில் உருளைகள் உறைவதில்லை. ஆனால், கதவைத் திறக்குந்தோறும் வெளிக்காற்றின் ஈரம் அவற்றின்மேல் நீராகப் படிகிறது. துருவேறிய உருளை சுழலாது, பெட்டி தங்கும், கதவு திறந்தே கிடக்கும், குளிர் வீணாகும். ஆகவே, உருளைகளை நாள்தோறும் உலரத் துடைத்தல் வேண்டும்.

மீன் வைக்கும் அறை பூச்சியத்திற்கு 18 பாகை கீழே இருக்கும். அங்கு ஈரம் பனிக்கட்டியாகும். சாதாரண கிரீஸ் இறுகும். கடுங்குளிருக்குரிய கிரீஸையே இடவேண்டும். மோட்டாரால் இயங்கும் பாதையைச் சுமையின்றிச் சற்று ஓட்டிய பின்னரே பெட்டிகளை ஏற்ற வேண்டும்.

பெட்டியின் அடியில் எப்பொழுதும் மூன்று உருளைகளாவது இருக்கட்டும். சிக்கிய பெட்டியை விடுவிக்குமுன் மோட்டாரை நிறுத்துவது கட்டாயம். குளிரில் விறைத்த விரல் ஆபத்தை விரைந்து உணராது.

கிடங்கு அமைக்க முனையும் ஊராட்சிகள், இயந்திரத்தின் விலையோடு அதைப் பேணும் ஆளின் ஊதியத்தையும் திட்டத்தில் சேர்த்தல் வேண்டும் என்பதே நமது கருத்து.