நாலரை முதல் ஏழு வரை பிள்ளை யார் பொறுப்பு?

ஊர், பள்ளி, குடும்பம் குறித்த வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல ஆலோசகர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் ஓர் உறுப்பினர். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன்கள் சிலர் உதட்டுக்குள் ‘கூல் லிப்’ புகையிலையை அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருஷம் ஊர்வலம் போனோம், இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுப் பேச வைத்தோம், பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள். கொஞ்ச நாள் அடங்கியிருந்தது. பிறகு பழைய கதைதான். கூட்டத்தில் பேச்சை எடுத்தால், “அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க பார்த்துக்கணும், இதுல ஊர் என்ன செய்யும்?” என்கிறார்கள். உண்மையிலேயே ஊர் ஏதாவது செய்ய முடியுமா, மேடம்?
– ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முடியும். ஆனால் ஊர்வலத்தால் முடியாது. புகையிலை கெடுதல் என்பது அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெரியும். பாக்கெட்டின் மேல் போட்டிருக்கிற படத்தை உங்களையும் என்னையும் விட அவன்தான் அதிகம் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரியாததைச் சொல்லித்தருவதாக நினைத்துக்கொண்டு நாம் மைக் பிடிக்கிறோம்.

ஐஸ்லாந்திலும் பிள்ளைகளின் போதைப் பழக்கம் ஒரு காலத்தில் பெரிய பிரச்சினையாக இருந்தது. மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்துக்குள் அடங்கும் நாடு அது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் கணக்கெடுத்தபோது, 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையாகும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 23 சதவீதம் பேர் தினமும் சிகரெட் பிடித்தார்கள். 2016இல் அந்த எண்கள் 5 ஆகவும் 3 ஆகவும் இறங்கின. பள்ளியில் பாடம் எடுத்து இதைச் சாதிக்கவில்லை. பாடம் எடுத்துப் பலிக்காமல் போன பிறகுதான் வேறு வழிக்குப் போனார்கள்.

அந்த வழி ரொம்பச் சாதாரணமானது. பெயர் கேட்காமல் எல்லாப் பிள்ளைகளிடமும் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தார்கள். கிடைத்த விடையை ஆராய்ச்சிக் கட்டுரைக்காகப் பூட்டிவைக்காமல், ஓரிரு மாதத்துக்குள் அந்தந்தப் பள்ளிக்கும் உள்ளாட்சிக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் எனப் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் காரியங்களுக்கு உள்ளாட்சி பணம் போட்டது. தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுதோறும் இதற்கென்று ஒரு தொகை. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும் கோடையில் 12 மணிக்கு மேலும் வெளியே சுற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வார இறுதி இரவுகளில் பெற்றோர் சேர்ந்து தெருவில் நடந்தார்கள். யாரையும் பிடித்து அடிக்க அல்ல, முகம் காட்ட.

“அது பணக்கார நாடு, நமக்குச் சரிப்படாது” என்று உங்கள் குழுவில் நிச்சயம் ஒருவர் சொல்வார். பாதி சரி. பிள்ளைக்கு ஆண்டுத்தொகை கொடுக்க எந்த ஊராட்சியாலும் ஆகாது. மற்றதற்கெல்லாம் பணமா வேண்டும்?

உங்கள் ஊரிலேயே பாருங்கள். பள்ளி மணி நாலேகாலுக்கு அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி வேனில் போன அம்மா வீடு திரும்ப ஏழு ஆகிறது. அப்பா வரும் நேரம் அவருக்கே தெரியாது. வீட்டில் பாட்டி இருந்தால் சரி, இல்லையென்றால் பூட்டிய கதவும் ஜன்னலில் சாவியும்தான். நாலரைக்கும் ஏழுக்கும் நடுவில் அந்தப் பையனுக்காக ஊரில் திறந்திருப்பது டீக்கடையும் பெட்டிக்கடையும் பஸ் ஸ்டாப்பும். நூலகம் பூட்டியிருக்கும், பள்ளி மைதானத்துக் கேட்டும் பூட்டியிருக்கும். பெட்டிக்கடைக்காரர் மட்டும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உங்கள் குழு கவனிக்க வேண்டியது இந்த இரண்டரை மணி நேரத்தை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். சட்டம் கொடுத்த இந்த வலுவைப் பெரும்பாலான ஊர்களில் கழிப்பறைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் தீர்மானம் போடுவதற்கே செலவழிக்கிறோம். அவை தேவையில்லை என்று சொல்லவில்லை. மைதானத்துக் கேட் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே குழுவில் பேச வேண்டிய விஷயம்தான்.

முதலில் கணக்கெடுங்கள். அரைத்தாள் போதும். டிக் அடிக்கிற கேள்விகளாகவே இருக்கட்டும், எழுதச் சொன்னால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். “நேற்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்கே இருந்தாய்? கூட யார் இருந்தார்கள்? ராத்திரி யாரோடு சாப்பிட்டாய்? பள்ளிக்கூடத்தில் உன்னைத் தேடுகிற பெரியவர் யாராவது உண்டா?” புகையிலைக் கேள்வி கடைசியில் வரட்டும். தாளை மடித்து அட்டைப்பெட்டியில் போடச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியைப் பள்ளி ஆசிரியர்கள் திறக்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியரோ வேறு பள்ளி ஆசிரியரோ எண்ணித் தரட்டும். எந்தப் பையன் என்று தேட ஆரம்பித்தீர்களென்றால், அடுத்த முறை ஒரு பிள்ளையும் உண்மை சொல்லாது.

பெரும்பாலும் வரும் விடை என்னவென்றால், போதையைவிடத் தனிமைதான் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். அந்தத் தாளைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். “ஊர் என்ன செய்யும்?” என்று கேட்டவர் அதன் பிறகு அவ்வளவு சத்தமாகக் கேட்கமாட்டார்.

பிறகு ஆட்களைச் சேர்க்கலாம். அவர்கள் ஏற்கெனவே உங்கள் ஊரில்தான் நடமாடுகிறார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு தலைமை ஆசிரியருக்குத் தெரியாது. ஊராட்சித் தலைவரைப் பார்த்து, அரசு 2024இல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த விளையாட்டு உபகரணத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பந்து, மட்டை, வலை என்று 33 வகைப் பொருள். சில ஊர்களில் அது இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது! பழைய கபடி வீரர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். வாரத்தில் நாலு நாள், சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் அவர் நின்றால் போதும். போட்டி, கோப்பை, சிறப்பு விருந்தினர் ஒன்றும் வேண்டாம்.

பெற்றோரில் பத்துப் பேரைச் சேர்த்து, தங்கள் பிள்ளைகளின் நண்பர்கள் யார், அவர்கள் வீடு எது, போன் நம்பர் என்ன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளச் செய்யுங்கள். “எல்லார் வீட்டிலும் விடுறாங்க, நீ மட்டும்தான் விடமாட்டேங்கிற” என்று பிள்ளை சொல்லும் பொய், பத்து அம்மாக்கள் பேசிக்கொள்கிற ஊரில் செல்லாது.

இனி கடை. கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ கொடுப்பவருக்கு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. தனியாகப் போய்க் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், அவரும் உங்கள் தெருக்காரர்தான். குழுத் தீர்மானமாக எழுதி, உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள்; நகலை ஒரு மரியாதைக்குக் கடைக்காரருக்கும் கொடுங்கள். அநேகமாக அந்த நகலே வேலையைச் செய்துவிடும்.

பிடிபட்ட பையனுக்கு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நாலரை மணிக்குக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவனைக் காலை ஒன்பதிலிருந்தே அங்கே உட்கார வைக்கும் ஏற்பாடு அது. விட முடியாமல் தவிக்கிற பிள்ளைக்கு 14446 என்ற தேசியப் போதைமீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

கேள்வி: நாங்கள் ஊரில் நற்பணி மன்றம் வைத்திருக்கிறோம். வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், ரத்ததானம் செய்கிறோம். இதைவிடப் பயனுள்ளதாக என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வருஷத்துக்கு ஒரு நாளை விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் கொடுங்கள், தம்பி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சாயங்காலம் பாய் விரித்து, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். அது பிள்ளைகளிடம் எடுபட்டதற்குப் பாடப்புத்தகத்தைவிட, சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டு அக்கா என்பதே காரணம் என்பது என் எண்ணம். உங்கள் மன்றத்தாலும் அந்த அக்காவாக, அண்ணனாக இருக்க முடியும்.

சில கட்டுப்பாடுகளை ஆரம்பத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். எந்தக் குழந்தையையும் தனியாக பைக்கில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, குழந்தைகளோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இதே விதிதான். அப்புறம், ஃப்ளெக்ஸ் வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். எனக்குப் பதினாலு வயதில் மகள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூடி, “பொம்பளைப் பிள்ளைங்க போன் வச்சிருக்கக் கூடாது, ஆறு மணிக்கு மேல வெளியே வரக் கூடாது” என்று பேசி முடித்திருக்கிறார்கள். எல்லாம் பிள்ளைகள் நன்மைக்குத்தானாம். நான் மறுத்தால், “புருஷன் ஊரில் இல்லாத வீடு” என்று பேச்சு வருகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: ஊர் சேர்ந்து பிள்ளை வளர்ப்பதைப் பற்றி மேலே நல்லவிதமாகவே எழுதிவிட்டேன். அதன் மறுபக்கம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

ஐஸ்லாந்தில் இரவு நேரக் கட்டுப்பாடு பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். உங்கள் ஊரில் போட்டிருப்பது பெண்ணுக்கு மட்டும். அப்படியானால் அவர்கள் காப்பாற்ற நினைப்பது பிள்ளையை அல்ல, ஊர்ப் பெயரை. ஆறு மணிக்கு மேல் தெரு ஆபத்தானது என்றால், ஆபத்து யாரால் வருகிறதோ அவர்களை அல்லவா வீட்டுக்குள் இருக்கச் சொல்ல வேண்டும்? தெருவிளக்கு எரிகிறதா, கடைசி பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று அந்தக் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா?

இந்தப் பேச்சுக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது. உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இத்தகைய ஊர்களில் அடுத்த கட்டமாகப் படிப்பை நிறுத்துவதும், பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் பேசுவதும் வரும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணம் குற்றம். நடத்திவைப்பவரும் தண்டனைக்கு உரியவர். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஊர்க் கூட்டத்தில் பேசி, பணம் வாங்கிக் கொடுத்து முடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நீங்கள் தனியாக எதிர்த்து நிற்க வேண்டாம், அம்மா. அதே வயதில் பெண் வைத்திருக்கிற மூன்று நான்கு பேரை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு விதிப்படி ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் அதற்குத் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், சுகாதார செவிலியர் ஆகியோரோடு குழந்தைகளின் பிரதிநிதிகளும் அதில் உண்டு. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் உட்கார்ந்த பிள்ளைகள் யார் என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் மகளை அதில் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. மிரட்டல் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, பெண்கள் உதவி எண் 181க்கோ கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

கடிதம் எழுதிய மூவருக்குமே இது பயன்படும்: தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடும். மைதானத்துச் சாவி, தெருவிளக்கு, பாதுகாப்புக் குழு என எதுவானாலும் அங்கே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுந்து வாருங்கள்.