நீள விசைக்குள் ஒரு கம்பி

ஸ்டெபிலைசர் என்றதும் குளிர்பதனப் பெட்டிக்கு அருகே சுவரில் தொங்கும் பெட்டிதான் நம் நினைவுக்கு வரும். கணிப்பொறியின் விசைப்பலகைக்குள்ளும் அதே பெயரில் ஒரு சிறு அமைப்பு உண்டு. அதைப் பற்றி அறியும் வாய்ப்பு நமக்கு ஓர் அழைப்பிதழால் வந்தது.

சங்க விழா அழைப்பிதழில் 'பல கை சேர்ந்தால் பாரம் குறையும்' என்று அடிக்கப் போக, 'பலகை சேர்ந்தால்' என்று வந்துவிட்டது! இடைவெளி விசையை நடுவில் தட்டினால் வேலை செய்தது. வலது ஓரத்தில் தட்டினால் சிக்கிக்கொண்டது. "பழசாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள்" என்றார் கடைக்காரர். வாங்குமுன் காரணத்தைப் பார்ப்போமே என்று எண்ணினோம்.

மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் ஸ்பிரிங்குடன் கூடிய தனிச் சுவிட்ச் உண்டு. ஓர் எழுத்து விசைக்குரிய இடம் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். இடைவெளி விசை வழக்கமாக அதைப்போல் 6.25 மடங்கு, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். இவ்வளவு நீளத்துக்கும் சுவிட்ச் நடுவில் ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில் அழுத்தினால் அந்தப் பக்கம் தாழ்ந்து மறுபக்கம் தூக்கும். விசை சாய்வதால் சுவிட்சின் தண்டு நேராக இறங்காமல் உரசி நிற்கும்.

இதைத் தடுப்பதே ஸ்டெபிலைசர். விசையின் நீளவாக்கில் ஓர் எஃகுக் கம்பி கிடக்கிறது. அதன் இரு முனைகளும் 'ப' வடிவில் ஒரே பக்கமாக வளைந்த இரு கைகள். விசை மூடியின் அடியில் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் துண்டுகளில் அவை மாட்டியிருக்கும். வலது ஓரம் இறங்கினால் வலது கை இறங்கும், கம்பி உருளும், இடது கையும் உடனே இறங்கும். விசை சாயாமல் முழுவதுமாக இறங்கிவிடும்.

மாணவர்களே, இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். குளிர்பானம் உறிஞ்சும் குழலுக்குள் ஒரு விறைப்பான கம்பியை நுழைத்து, இரு முனைகளையும் ஒரே பக்கமாக மடக்குங்கள். குழலை மேசையில் ஒட்டிவிட்டு ஒரு கையைத் தூக்குங்கள். மற்றதும் தானே எழும். மோட்டார் கார் வளைவில் திரும்பும்போது அதிகம் சாயாதிருக்க, இடது வலது சக்கரங்களை இணைக்கும் எஃகுத் தண்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

இரண்டு எழுத்து விசை அளவோ அதற்கு மேலோ நீளமுள்ள பேக்ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் போன்றவற்றுக்கும் பொதுவாக இந்த அமைப்பு உண்டு. அவை கடகடவென்று சத்தமிட்டால், கம்பி முனைக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள இடைவெளி காரணமாக இருக்கலாம். சிலிக்கான் கிரீஸ் சிறிதளவு தடவினால் சத்தம் அடங்கும். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். தூசி சேர்ந்து பிசுபிசுக்கும். கம்பி கோணியிருக்கிறதா என்று அறிய, கழற்றிக் கண்ணாடிமேல் வையுங்கள். இரு கைகளும் ஒன்றுபோல் படிய வேண்டும்.

எங்கள் பலகையில் கம்பி கோணவில்லை. தூசி தட்ட யாரோ மூடியைக் கழற்றியபோது ஒரு முனை நழுவியிருந்தது. அதை மாட்டியதும் 'பலகை' மீண்டும் 'பல கை' ஆயிற்று. செலவு ஒரு காசும் இல்லை.

சிந்திக்க: எண் விசைப் பகுதியில் '+' விசை மேலும் கீழுமாக நீண்டிருக்கும். அதனுள் கம்பி எந்த வாக்கில் கிடக்கும்?