தண்டவாளம் போட்டுவிட்டு மாஸ்கோவுக்குக் கிளம்புங்கள்

'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' கேமில் ஜெர்மனியை எடுத்துக்கொண்டு சோவியத் யூனியனுக்குள் இறங்குபவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மின்ஸ்க் சுலபமாக விழும். ஸ்மோலென்ஸ்கை நெருங்கும்போது டிவிஷன்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நிற்கும். உடனே பின்னாலிருந்து இன்னும் பத்து டிவிஷனை அனுப்புவார்கள். இருப்பதற்கே சோறு போதாத இடத்தில் மேலும் பத்து வாய்! அனுப்பாதீர்கள். இருப்பதில் சிலவற்றைப் பின்னுக்கு இழுங்கள்.

போருக்கு முன்பே ரயில் எஞ்சினுக்கும் லாரிக்கும் தொழிற்சாலைகளை ஒதுக்கிவிடுங்கள். இதை விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் தண்டவாளத்தில்தான். 2021-இல் சப்ளை முறையையே மாற்றி எழுதிவிட்டார்கள். இப்போது சரக்கு தலைநகரில் கிளம்பி, ரயிலில் சப்ளை மையத்துக்கு வந்து, அங்கிருந்து குதிரையிலோ லாரியிலோ படைக்குப் போகிறது. பாதைக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. பெர்லினிலிருந்து முழுக்க 4-ஆம் தரம் போட்டுவிட்டு நடுவில் ஒரு துண்டை மட்டும் 1-இல் விட்டால், அதற்கு அப்பால் உள்ள மையத்துக்கு அந்த 1 தாங்குகிற அளவுதான் போய்ச்சேரும். ஆகவே சப்ளை வரைபடத்தைத் திறந்து, தலைநகரிலிருந்து முனைவரை பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போவதுபோல் பாருங்கள். எங்கே மெலிகிறதோ அங்கே முதலில் கை வையுங்கள். முனையில் மட்டும் தரத்தை உயர்த்துவது வீண் செலவு. மூன்று பாதைகளை அரைகுறையாக வளர்ப்பதைவிட, வார்சா, மின்ஸ்க், ஸ்மோலென்ஸ்க் வழியாக ஒன்றை முழுதாக வளர்ப்பதே என் வழக்கம்.

பிடித்த பாதை உடனே உதவாது. நம் வசமாகச் சில நாட்கள் ஆகும். இது கேம்காரர்கள் வேண்டுமென்றே வைத்த தடை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இல்லை, நடந்ததே அதுதான். சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1,524 மி.மீ., ஜெர்மானியருடையது 1,435. 1941 ஜூனில் உள்ளே போன படையின் பின்னால் ரயில் பிரிவினர் ஒரு தண்டவாளத்தைப் பெயர்த்து நகர்த்தி ஆணியடித்துக்கொண்டே போனார்கள். சோவியத் எஞ்சின்கள் பெரியவை என்பதால் தண்ணீர், நிலக்கரி நிலையங்களும் ஜெர்மன் எஞ்சினுக்கு எட்டாத தொலைவில் இருந்தன. அந்தப் படையில் சுமார் 6 லட்சம் குதிரைகள் இருந்ததை நினைத்தால், முதல் சில நாட்களில் வரைபடத்தில் நாம் போடும் தாக்குதல் அம்பு எவ்வளவு தூரம் பாயலாம் என்ற கணக்கு புரியும்.

அதனால் ஒரு மையத்தைப் பிடித்ததும் நில்லுங்கள். சரக்கு வந்து படை தேறிய பிறகே அடுத்த மையத்துக்கு அம்பு போடுங்கள். கையிருப்பில் லாரி இருந்தால் அந்த மையத்துக்குக் கொடுங்கள், எட்டும் தூரம் கூடும். ஆனால் மையத்துக்கே ரயிலில் சரக்கு வராதபோது லாரி எதைச் சுமக்கும்? பால்டிக் கடல் உங்கள் கையில் இருந்தால் ரீகா துறைமுகம் வடக்குப் படையின் பசியைத் தணிக்கும். இலையுதிர்காலச் சேறு வருமுன் நிற்க வேண்டிய இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

சரக்கு விமானத்தை, சுற்றிவளைக்கப்பட்ட ஒன்றிரண்டு டிவிஷன்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலின்கிராடில் சிக்கிய ஜெர்மன் 6-ஆவது படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்டது. விமானங்கள் சராசரியாக அதில் பாதியைக்கூடக் கொண்டுபோகவில்லை.