நாலு படி, ஒரு சக்கரம்



கடன் கைக்கு வரும்வரை எல்லாக் குழுவிலும் வேகம் இருக்கும். வந்த பிறகு? தவணை தவறும்போதுதான் "என்னாச்சு?" என்று கேட்கிறோம். அதுக்குள்ளே பாதி தோட்டம் போயிருக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. அமெரிக்கரான டெமிங் 1950-ல் ஜப்பானில் தரம் பற்றிப் பாடம் நடத்தினார். அதையொட்டி அங்குள்ள தொழிற்சாலைகளில் வளர்ந்த முறை இது. நம்ம வாழைத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விருப்பாச்சி வாழை போடும் ஒரு குழுவை நினைத்துக்கொள்வோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்கு ருசி தருவது இந்த மலைவாழைதான். இதன் பெரிய எதிரி முடிக்கொத்து நோய்.

1. திட்டமிடு

நோயில்லாத தோட்டத்துக் கன்று அல்லது நோய்ச் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று வாங்க முடிவு செய்யுங்கள். எத்தனை கன்று, யார் எந்தத் தோட்டத்தைப் பார்ப்பது, தவணை எப்போது? எல்லாம் தீர்மான நோட்டில் ஏறட்டும்.

2. செய்

எழுதியபடி நடுங்கள். மாற்றிச் செய்தால் அதையும் எழுதுங்கள்.

3. சரிபார்

மாதம் இரண்டு முறை மரம் மரமாகப் பாருங்கள். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடு, இலை சிறுத்துக் குத்தி நிற்பது, உச்சியில் கொத்தாகச் சேர்வது: இவை அடையாளம். "நல்லாத்தான் இருக்கு" என்பது கணக்கு அல்ல. எத்தனை மரம் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

4. திருத்து

நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அழித்தும் பக்கத்து மரத்துக்கு நோய் வந்தால் 'ஏன்?' என்று கேளுங்கள். நோயைப் பரப்புவது வாழை அசுவினி. மரத்தை வெட்டினதும் அது அடுத்த மரத்துக்குப் போயிடும். அதனால் முதலில் மருந்தடித்து அசுவினியை அழித்து, பிறகுதான் மரத்தை எடுக்க வேண்டும். இந்தத் திருத்தத்தை அடுத்த திட்டத்தில் சேருங்கள். சக்கரம் மறுபடி சுற்றும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சரிபார்ப்பது யாரையும் குற்றம் சொல்ல அல்ல. திட்டுக்குப் பயந்து ஒருத்தி மறைச்சா, அவள் தோட்டத்து நோய் எல்லார் தோட்டத்துக்கும் வரும். கடனுக்கும் எல்லாரும்தானே பொறுப்பு? முதலில் சொன்னவரைப் பாராட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் கேட்க வேண்டியவை:

* போன மாதம் என்ன செய்வதாகச் சொன்னோம்?
* எவ்வளவு நடந்தது?
* நடக்காததற்குக் காரணம் என்ன?
* இந்த மாதம் எதை மாற்றுகிறோம், யார் பொறுப்பு?

ஆடு, பூண்டு, தையல் என்று உங்கள் தொழில் எதுவானாலும் கேள்வி இதே நாலுதான்.