அனுமானம் என்னும் சொல்

‘அது வெறும் அனுமானமே’ என்று உலகோர் சொல்லும்போது, உறுதியற்ற ஊகம் என்பதே கருத்தாகக் கொள்ளப்படுகிறது. சாஸ்திரங்களிலோ இச்சொல்லின் பொருள் இதற்கு நேர்மாறானது. ஐயத்தை அகற்றி உறுதியைத் தரும் பிரமாணங்களுள் ஒன்றாகவே அனுமானம் அங்கு எண்ணப்படுகிறது.

‘அனு’ என்பது பின்தொடர்தலைக் குறிக்கும். ‘மானம்’ என்பது அளத்தலைக் குறிக்கும் ‘மா’ என்னும் வடமொழி வினையடியிற் பிறந்தது. பிரமாணம் என்ற சொல்லுக்கும் அதுவே வேர். தமிழ்ச் சான்றோரும் அக்கருத்துப்படப் பிரமாணத்தை ‘அளவை’ என்றும், அனுமானத்தைக் ‘கருதல்’ என்றும் வழங்கினர். மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயவாதிகள் கூறும் அளவைகளுள் கருதலும் இடம்பெறுகிறது.

முன்பு கண்டறிந்ததைப் பின்தொடர்ந்து காணாததை அறிவதே அனுமானம். நியாய சாஸ்திரம் இதனை ஐந்து உறுப்புகளால் விளக்கும். மலையில் தீ உண்டு என்பது பிரதிஜ்ஞை. புகை காணப்படுவதால் என்பது ஹேது. புகையுள்ள இடத்தில் தீ இருக்கும், மடைப்பள்ளியிற்போல என்பது உதாஹரணம். இம்மலையிலும் அத்தகைய புகை உண்டு என்பது உபநயம். ஆகவே தீ உண்டு என்பது நிகமனம். புகைக்கும் தீக்கும் உள்ள பிரியாத தொடர்பே வியாப்தி. அதனைத் தலைகீழாகக் கொள்ளலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லை.

இத்துணை வலிமையுள்ள அனுமானத்தால் எம்பெருமானையும் நிறுவிவிடலாமே என்று ஒரு கேள்வி எழுகிறது. குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல் உலகுக்கும் ஒரு கர்த்தா இருக்கவேண்டும் என்பது அவ்வாதம். பகவத் ராமானுஜர் (1017–1137) ஸ்ரீபாஷ்யத்தில், ‘சாஸ்த்ரயோநித்வாத்’ என்னும் சூத்திரத்தின்கீழ் இதனை மறுத்தருளினார். நாம் காணும் கர்த்தாக்கள் யாவரும் உடலுடையவர்; கர்மத்துக்குக் கட்டுப்பட்டவர்; அளவுபட்ட ஆற்றலுடையவர். பெரிய காரியங்களைப் பலர் கூடிச் செய்வதும் கண்கூடு. திருத்தேரைக் கண்டவர் அதைச் செய்தவன் ஒருவனே என்று துணிய முடியுமோ? குயவனை அளவுகோலாகக் கொண்டால் குயவனைப் போன்ற ஒருவனே கிடைப்பான். ஒப்பாரும் மிக்காரும் இல்லாத பரம்பொருள் கிட்டாது. ஆகவே பரம்பொருளை அறிதற்குச் சாஸ்திரமே பிரமாணம் என்பது ஸித்தாந்தம்.

இதனால் அறிவாராய்ச்சி தள்ளுண்டதாகாது. காட்சி, அனுமானம், சப்தம் ஆகிய மூன்றையும் விசிஷ்டாத்வைதம் ஏற்கிறது. ஸ்வாமி தேசிகன் (1268–1369) அனுமானத்தின் இலக்கணத்தையும் ஆராய்ந்து ‘நியாய பரிசுத்தி’ என்னும் நூலையே அருளிச்செய்தார். பரம்பொருளைப் பற்றிய அளவில், தர்க்கம் வேதத்துக்கு முன்னே செல்லாமல் அதன் பின்னே வந்து துணைநிற்கிறது. ‘அனு’ என்ற அடைமொழியும் இவ்விடத்தில் நன்கு பொருந்துகிறது.

தொலைவில் கோபுரத்தைக் காணும் யாத்ரிகர் அங்கே திருக்கோயில் உண்டென்று துணிகிறார், அது அனுமானம். உள்ளே எழுந்தருளியிருப்பவன் ஸர்வலோக சரண்யன், அடியாரைக் கைவிடாதவன் என்பதை வேதமும் ஆழ்வார்களின் அருளிச்செயலுமே அறிவிக்கின்றன. கோபுரம்வரை கருதலால் வந்தவர், திருவடிவரை அவ்வருள்மொழிகளின் வழியே செல்வாராக.