டிவிடி மெனு செய்யப் பழகுவோம்: எழுத்து ஓர் அடுக்கில், அடையாளம் வேறோர் அடுக்கில்

பழைய வீடியோ கேசட்டுகளை வட்டில் மாற்றித் தரும் வேலையை நம் ஊர்களில் இன்னும் பல இளைஞர்கள் செய்துவருகிறார்கள். "எல்லாம் போனில் வந்துவிட்டதே, டிவிடி யார் பார்க்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். 2006-க்குப் பிறகு அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு டிவிடி பிளேயரையும் வாங்கி வைத்த வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்களுக்குப் போனில் தேடிப் பார்ப்பதைவிட ரிமோட் பழக்கமானது. அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

பயிற்சிக்காக ஒரு வட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்கள்: வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. ஒவ்வோர் ஊரிலும் முத்துக்குளித்த ஒரு பெரியவரின் பேச்சைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. அன்று இருபது வயதில் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கியவருக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. அவர் பேச்சை இன்னொரு முறை பதிவு செய்ய முடியுமா என்பது நிச்சயமில்லை. அதைப் பார்க்கப்போகிறவர்களிலும் பாதிப்பேர் அவர் வயதுக்காரர்கள்.

வட்டைப் போட்டதும் வரும் முதல் பக்கம்தான் மெனு. பின்னணியில் கடற்கரை வரைபடம், அதன்மேல் வடக்கிலிருந்து தெற்காக ஏழு ஊர்ப் பெயர்கள். பார்ப்பதற்கு ஒரே படம் போலத் தெரியும். செய்கிற நமக்கு அது மூன்று அடுக்கு. கடைகளில் லேயர் என்று சொல்கிறோமே, அதுதான். அடியில் பின்னணிப் படம். அதன்மேல் பொத்தான்களின் எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தும்போது "இப்போது இந்தப் பொத்தானில் நிற்கிறீர்கள்" என்று காட்டும் அடையாளம்.

முதல் இரண்டு அடுக்குகளும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து சாதாரண வண்ணப் படமாக வட்டில் பதிவாகும். எத்தனை வண்ணம் வேண்டுமானாலும் போடலாம். மூன்றாவது அடுக்கு அப்படியல்ல. அதற்கு சப்பிக்சர் என்று பெயர். படத்தில் வரும் வசன வரிகளும் இதே வழியில்தான் வருகின்றன. டிவிடி விதிப்படி அதில் மொத்தமே நான்கு நிறம்தான். அதிலும் ஒன்று, பின்னால் இருப்பது தெரிவதற்காக, ஒன்றுமில்லாத நிறமாகப் போய்விடும். ஓரங்களை மென்மையாக்கிக் காட்டப் போதிய நிறங்கள் கிடையாது. அதனால் வளைவெல்லாம் படிக்கட்டு போலத் தெரியும்.

தமிழில் மெனு செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆங்கில எழுத்தில் நேர்கோடுகள் அதிகம். எழுத்தையே சப்பிக்சரில் போட்டு நிறம் மாற்றினாலும் ஓரளவு தாங்கும். நம் எழுத்தில் சுழி, கொம்பு, புள்ளி. 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். 'வேம்பார்' என்பதில் இரண்டு புள்ளியும் போனால் 'வேமபார' என்று நிற்கும். எனவே எழுத்தை இரண்டாம் அடுக்கிலேயே முழு வண்ணத்தில் விட்டுவிடுங்கள். மூன்றாம் அடுக்கில் ஊர்ப் பெயரின் பக்கத்தில் ஒரு முத்து, அல்லது கீழே ஒரு தடித்த கோடு, அது போதும்.

நான் முதன்முதலில் செய்த வட்டில் இதைச் செய்யவில்லை. எங்கள் மாமா கல்யாண கேசட்டை மாற்றி, 'கல்யாணம்', 'வரவேற்பு' என்று இரண்டே பொத்தான் வைத்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. அம்புக்குறியை அழுத்தினால் நிறம் இடம் மாறும். ஆச்சி ரிமோட்டை வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல நான் எதுல நிக்கேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மஞ்சள்தான் தேர்வு என்பது செய்த எனக்குத் தெரியும், பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பொத்தான் மட்டும் இருக்கும் மெனுவில் நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. ஓர் இடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் இல்லாமல் போகும் ஓர் அடையாளம் வேண்டும். முத்து அதற்குத்தான்.

அந்த முத்தை எங்கே வைப்பது? வரைபடத்தில் இடது பக்கம் நிலம், வலது பக்கம் கடல். மணல் நிறத்தின்மேல் மஞ்சள் முத்து தெரியாது. ஏழு முத்தையும் கடல் பக்கமாகவே வைத்தால், அடர்நீலத்தின்மேல் ஒரே நிறம் ஏழு இடத்திலும் பளிச்சென்று தெரியும்.

முத்து வட்டமாகத் தெரிவதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டுப் பால் முறையில் டிவிடி படத்தின் அளவு 720-க்கு 576 பிக்சல். ஆனால் பழைய 4:3 தொலைக்காட்சி அதைக் கொஞ்சம் அகலமாக இழுத்துக் காட்டும். போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ சாதாரணமாக 720-க்கு 576 என்று தாள் திறந்து வட்டம் போட்டால், டிவியில் படுத்த முட்டையாகிவிடும். 768-க்கு 576 என்று திறந்து வரையுங்கள். கடைசியில் அகலத்தை மட்டும் 720-ஆகக் குறையுங்கள். அப்போது கணினியில் ஒடுங்கிய முட்டையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். டிவியில் முத்தாகிவிடும். அகலத்திரை டிவிக்கு மட்டும் என்றால் 1024-க்கு 576.

ஓரங்களையும் கவனியுங்கள். பழைய குழாய் டிவிகள் படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒரு பங்கு விட்டு உள்ளே எழுதுவது வழக்கம். அதாவது இடமும் வலமும் 77 பிக்சல், மேலும் கீழும் 58 பிக்சல். 'வேம்பார்' எளிதாக அடங்கிவிடும். 'வீரபாண்டியன்பட்டினம்' அடங்காது, அடம்பிடிக்கும். அதற்காக எல்லாப் பெயரையும் சிறிதாக்காதீர்கள்; அந்த ஒன்றை மட்டும் இரண்டு வரியாக உடைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய எழுத்துருவும் வேண்டாம். குழாய் டிவி படத்தை ஒரு வரி விட்டு ஒரு வரியாகத் தீட்டுவதால், ஒரு பிக்சல் கனமுள்ள படுக்கைக்கோடு நடுங்கும். 'ட', 'ப', 'ம' மூன்றுக்கும் அடியில் படுக்கைக்கோடுதானே! மூன்று பிக்சலாவது கனம் இருக்கட்டும்.

இனி மென்பொருள். அடோபி என்கோர் 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் பல ஸ்டுடியோக்களில் பழைய கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அடுக்குக்கு வைக்கும் பெயர்தான் கட்டளை. போட்டோஷாப்பில் ஓர் ஊருக்குரிய அடுக்குகளை ஒரு தொகுதியாக்கி, பெயருக்கு முன்னால் (+) என்று போட்டால் என்கோர் அதைப் பொத்தான் என்று எடுத்துக்கொள்ளும். தொகுதிக்குள் முத்து இருக்கும் அடுக்கின் பெயருக்கு முன்னால் (=1) என்று போட்டால் அது சப்பிக்சர். அந்த அடுக்கில் ஒரே நிறம், நிழலோ பளபளப்போ இல்லாமல். அடைப்புக்குறியை மறந்தால் பொத்தான் வெறும் படமாக நின்றுவிடும். ரிமோட் எவ்வளவு அழுத்தினாலும் நகராது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளே போதும். தமிழ் எழுத்து உடையாமல் வர, படத்தை கிம்ப்பிலோ இங்க்ஸ்கேப்பிலோ செய்து கொண்டுவாருங்கள்.

ஆப்பிளின் டிவிடி ஸ்டுடியோ புரோவில் இன்னொரு வழி இருந்தது. ஒவ்வொரு பொத்தானின் ஒவ்வொரு நிலைக்கும் முழு வண்ண அடுக்கு. நான்கு நிறத் தொல்லை இல்லை. ஆனால் அம்புக்குறியை அழுத்தும்போதெல்லாம் பிளேயர் வட்டிலிருந்து வேறொரு முழுப்படத்தைத் தேடி எடுக்கவேண்டும். அந்த நேரத்தில் "வேலை செய்யல போல" என்று பெரியவர்கள் மறுபடி அழுத்திவிடுவார்கள். அழகு குறைந்தாலும் சப்பிக்சர்தான் என் கட்சி.

பொத்தான்களின் எல்லைச் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. அம்புக்குறி வழியையும் மென்பொருளின் தானியங்கி முடிவுக்கு விடாதீர்கள். கரை வளைகிற இடத்தில் அது பக்கத்தில் இருப்பதை விட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். கீழ் அம்பு என்றால் வேம்பாரிலிருந்து வைப்பாறு, அங்கிருந்து தூத்துக்குடி, அப்படியே மணப்பாடு வரை. மணப்பாட்டில் கீழே அழுத்தினால் மறுபடி வேம்பார். இதை ஒவ்வொன்றாக நீங்களே இணையுங்கள்.

வேலை முடிந்ததும் அடுக்குகளைச் சேர்த்து ஒரே படமாக்கி, அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலக்கோப்பை அழித்துவிடுவது பலரின் வழக்கம். வேண்டாம். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன்பு செய்த ஒரு வட்டில் பழைய பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தனி அடுக்கில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. வரைபடத்தோடு ஒட்டிப்போயிருந்தால் கடலையே திரும்ப வரையவேண்டும்.

பதிவு செய்வதற்கு முன் அழித்தெழுதும் வட்டு ஒன்றில் போட்டு, கணினியில் அல்ல, வீட்டிலிருக்கும் பழைய பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். ரிமோட்டை வீட்டில் வயதில் மூத்தவர் கையில் கொடுங்கள். எதையும் விளக்காதீர்கள். ஆலந்தலைப் பெரியவர் பேச்சைப் போடச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, மூன்றாம் அடுக்கைத் திறங்கள்.